இடது பக்கக் கதவு

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அம்மிணி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. உன் புதுக் காருக்குச் செராமிக் கோட்டிங், அதான் பெயின்ட்டின் மேல் பூசுகிற அந்தப் பாதுகாப்புப் பூச்சு, போட நல்ல கடை எது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றாயாம், தம்பி சொன்னான். முப்பது வருஷம் காருக்குப் பெயின்ட் அடித்தவனிடம் நேராகவே கேட்டிருக்கலாம். சரி, கேட்டாயே, அதுவே சந்தோஷம். போட்டோவையும் காட்டினான். உன் சம்பளத்தில், உன் பேரில் ஒரு வண்டி. உங்கம்மா அதை வீதி முழுக்கக் காட்டிவிட்டாள். நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கடையின் பேரை நான் சொல்லவில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் தொழிலை விட்டு வருஷமாகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

போனில் ரேட் கேட்காதே. நேரில் போய் வேலை நடக்கிற இடத்தைப் பார். வாட்டர் சர்வீஸ் அடிக்கிற ஷெட்டிலேயே கோட்டிங்கும் போடுகிறார்கள் என்றால் திரும்பி வந்துவிடு. ஷட்டர் இறக்கி மூடுகிற தனி அறை வேண்டும், தரை ஈரம் தெளித்துத் தூசி அடங்கி இருக்க வேண்டும். கோட்டிங்கில் ஒரு தூசி உட்கார்ந்து இறுகிவிட்டால் அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். விளக்கையும் பார். பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற வெளிச்சம் இல்லாத கடையில் பெயின்ட்டில் உள்ள கோடு யார் கண்ணுக்கும் தெரியாது, வேலை செய்கிறவன் கண்ணுக்கும்தான்.

எத்தனை நாள் ஆகும் என்று கேள். காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். இந்த வேலையில் முக்கால் பங்கு கோட்டிங் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நடக்கிறது. நுரை அடித்துக் கழுவ வேண்டும். இரும்புத் துகளை எடுக்கிற மருந்து அடிக்க வேண்டும், அது துகள் பட்ட இடத்தில் ஊதா நிறமாக வழியும், நின்று பார். தார் எடுக்க வேண்டும். பிறகு வழுக்கு நீர் விட்டுக் களிமண் மாதிரி ஒரு கட்டியால் கதவு, பானெட் என்று பேனல் பேனலாகத் தேய்க்க வேண்டும். ரப்பர் பீடிங்குக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் டேப் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, பாலிஷ். கடைசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பில்தான் ஏமாற்று நடக்கும். சில பாலிஷில் கீறல் கோடுகளை அடைத்து மறைக்கிற எண்ணெய் இருக்கும். அதைத் துடைக்காமல் மேலேயே கோட்டிங் போட்டால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். கோட்டிங்குக்குப் பிடிமானம் இருக்காது, நாலைந்து மாதத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது போய்விடும். அதனால் துடைத்த பிறகு, கோட்டிங் போடுவதற்கு முன்பு, வெளிச்சத்தில் காட்டச் சொல். காட்ட மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

பாலிஷ் போடுவதற்கு முன் பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் வைப்பார்களா என்று கேள். மீட்டர் இல்லாத கடைக்கு வண்டியைக் கொடுக்காதே. கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான் வரும், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். காம்பவுண்ட் ஒரு தடவை போட்டாலே அதில் ஒன்றிரண்டு மைக்ரான் போகும், மெஷினை அழுத்தினால் இன்னும் போகும். பானெட் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் கிளியர் மெலிசாக இருக்கும், கைப்பழக்கம் இல்லாத பையன் சுற்று மெஷினை அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தினால் பெயின்ட் வெந்துவிடும். ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் வைத்து எழுதித் தரச் சொல். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் எண் காட்டாது, அதற்குப் பயப்படாதே.

ஒரு பேனலில் மட்டும் 250, 300 என்று வந்தால் அது மறுபடி பெயின்ட் ஆன பேனல். 600, 800 என்று போனால் உள்ளே பட்டி இருக்கிறது. மூன்று மாத வண்டியில் இப்படி வரக் கூடாது. வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

உன் வண்டியின் சாம்பல் மெட்டாலிக் பெயின்ட்டரின் கையைக் காட்டிக் கொடுக்கிற நிறம் அம்மிணி. பெயின்ட் அடிக்கிற துப்பாக்கியின் காற்றழுத்தமும் தூரமும் கொஞ்சம் மாறினால் உள்ளே இருக்கிற அலுமினியப் பொடி வேறு விதமாகப் படுக்கும். நேராகப் பார்த்தால் ஒரே ஷேடு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு கதவு மட்டும் கறுத்துத் தெரியும். கடற்கரையில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த அந்த மூன்றாவது போட்டோவில் இடது பக்க முன் கதவும் சக்கரத்தின் மேலே உள்ள ஃபெண்டரும் அப்படித்தான் இருந்தது. கேமரா கோளாறாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் கதவைத் திறந்து, ரப்பரைக் கொஞ்சம் தூக்கி, அடியில் நகத்தால் ஓட்டிப் பார். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் டேப் ஒட்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டும். கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் கதவு ஒரு தடவை கழன்றிருக்கிறது.

இதை நான் எதற்கு எழுதுகிறேன் என்றால், புது பெயின்ட்டின் மேல் உடனே கோட்டிங் போடக் கூடாது. கம்பெனியில் 140 டிகிரிச் சூட்டில் காய்கிறது, பாடி ஷாப் பூத்தில் 60 டிகிரிதான். உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். அதற்குள் மேலே மூடினால் மங்கிப் போகும், மேற்பரப்பு பிசுபிசுத்துவிடும். எந்தப் பேனல் எந்தத் தேதியில் பெயின்ட் ஆனது என்று கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடு. என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் சொல்.

பாட்டிலை உன் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல். ஒரு வண்டிக்கு 30 அல்லது 50 மில்லி போதும். திறந்து வைத்த பாட்டில் காற்றின் ஈரம் பட்டுக் கெட்டியாகிவிடும், மிச்சம் வைத்து அடுத்த வண்டிக்கு ஓட்டுகிற கடைகள் உண்டு. இரண்டடிக்கு இரண்டடியாகப் போட்டு, ஒன்றிரண்டு நிமிஷத்தில் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் எண்ணெய்க் கறை மாதிரித் திட்டு இறுகி நிற்கும். மெட்ராஸ் புழுக்கத்தில் அந்த நேரம் இன்னும் குறையும், ஐப்பசி கார்த்திகையில் போடாமல் தை வரை பொறுத்தால் நல்லது. போட்ட ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, ஏழு நாள் ஷாம்பூ படக் கூடாது.

கோட்டிங்குக்கு 9எச் கடினம் என்பார்கள், அது பென்சில் கீறலை வைத்துச் சொல்கிற அளவு. கல் தெறித்தால் அடி படத்தான் செய்யும், பக்கத்தில் வருகிற பைக் உரசினாலும் கீறத்தான் செய்யும். கல்லுக்குத் தடுப்பு பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற 150, 200 மைக்ரான் ஃபிலிம்தான். 5 வருஷ வாரன்டி என்றால் கார்டில் வண்டி நம்பரும் பேட்ச் நம்பரும் இருக்கிறதா பார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டிய சர்வீஸுக்கு எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்கு. ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதே. அப்பார்ட்மென்ட்டில் வண்டி துடைக்கிறவரிடம் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம் என்று சொல். ஒரே வாளி, ஒரே துணியில் பத்து வண்டி துடைத்தால் சிலந்திவலைக் கோடு விழும். போர்வெல் தண்ணீர் சொட்டு வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டம் படியும், கழுவியவுடன் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

மீட்டர் விஷயத்தை மறந்துவிடாதே. மீட்டர் வைக்காமல் பாலிஷ் போட விடாதே.

அந்த இடது பக்கத்தைப் பற்றி. மறுபடி பெயின்ட் ஆன வண்டியைப் பற்றியே இவ்வளவு எழுதினேன், உன்னைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. ராமநாதபுரம் சிக்னலில் ஸ்கூட்டியோடு நீ விழுந்த அன்றைக்கும் அப்படித்தான். மட்கார்டைக் குனிந்து பார்த்தேன். உன் முழங்கையில் ரத்தம் என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார். அப்புறம் மூன்று நாள் உன்னோடு பேசவும் இல்லை. இப்போது எது நடந்தாலும் நீ தம்பியிடம் சொல்கிறாய், அவன் என்னிடம் பாதியைச் சொல்கிறான். அந்தப் பழக்கத்தை உனக்கு ஏற்படுத்தியது நான்.

பேனல் போனால் போகிறது. அடுத்த வருஷ இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ், அதான் கிளெய்ம் கேட்காதவர்களுக்குத் தருகிற தள்ளுபடி, 20 சதவீதம் போகும், போகட்டும். உனக்குத் தோள், கழுத்து எங்காவது வலி இருக்கிறதா? அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம் பிடிக்கலாம். எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டு.

ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறதா என்று காலியான ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல். இழுத்தால் கோட்டிங் அப்புறம், வீல் அலைன்மென்ட்டும் சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையும் (லோயர் ஆர்ம்) முதலில் பார்க்க வேண்டும். அதுவரை ராத்திரியில் ஓஎம்ஆரில் ஓட்டாதே. தம்பியிடம் வேண்டாம், எனக்கே போன் போடு. சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரலில் இருப்பேன், மீட்டரை நானே எடுத்து வருகிறேன்.

அப்பா