கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் பக்கத்து அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

இப்போது சில திராட்சைப் பந்தல்களில் இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் பொறி, தொங்குகிறது. சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்தவை கத்தரித் தண்டு துளைப்பானுக்கும் தக்காளிக் காய்ப்புழுவுக்கும் உரியவை. ஒவ்வொரு பூச்சிக்கும் தனி வாசனை. கத்தரிப் பூச்சியின் வாசனையை நம் மாவுப்பூச்சி திரும்பிக்கூடப் பார்க்காது.

நமக்கு உண்மையான தலைவலி சாறு உறிஞ்சும் அந்த மாவுப்பூச்சிதான். உரிந்த பட்டைக்குள்ளும் குலையின் நடுவிலும் ஒளிந்துகொள்ளும். மேலே மெழுகுப் பூச்சு வேறு. அடிக்கிற மருந்து பாதி அதன்மேல் படுவதே இல்லை. அறுவடை நெருங்கிவிட்டால் அடிக்கவும் முடியாது, பழத்தில் மருந்து தங்கிவிடும். அடிக்காமல் விட்டால் பூச்சி விடும் பிசுபிசுப்பில் கரும்பூசணம் பிடிக்கும், அந்தக் குலையை மதுரை வியாபாரி தொடமாட்டார்.

மருந்து நுழையாத இடத்திலும் வாசனை நுழையும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது, இருந்த இடத்திலிருந்தே வாசனை விட்டு ஆணை அழைக்கும். ஆணுக்கு இறக்கை உண்டு, தின்ன வாய் கிடையாது. வாழ்வதே சில நாள். அதற்குள் வாசனை பிடித்துப் பெண்ணைத் தேடவேண்டும். அதே வாசனையைப் பந்தல் முழுக்கப் பரப்பிவிட்டால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அலைந்தே செத்துப்போகும். இணைசேர்க்கை குறைந்தால் முட்டையும் குறையும். பொறி வைத்து ஆணைப் பிடிப்பது பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று அறிய உதவும். அதனால் மட்டும் பூச்சி குறையாது; தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு சேரும்.

கலிபோர்னியாவின் நாபா பகுதியில் 2009இல் வேறொரு திராட்சை அந்துப்பூச்சி தென்பட்டது. மருந்தோடு இந்த வாசனை முறையையும் சேர்த்துப் பகுதி முழுவதும் ஒன்றாகக் கையாண்டார்கள். 2016இல் அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அங்கே மாவுப்பூச்சிக்கும் இப்படி ஒரு வாசனை விற்கிறது. ஆனால் அது அவர்கள் ஊர் இனத்துக்கு, அதை வரவழைத்து ஏமாறாதீர்கள். நம் பந்தலில் முக்கியமாகத் தொல்லை தருவது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அதன் வாசனை இரண்டு பொருள்களின் கலவை என்று 2004இலேயே ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, நாமும் செய்யலாமே என்றால், நம் பழக்கமே குறுக்கே நிற்கிறது. ஒருவர் கவாத்து செய்யும்போது அடுத்தவர் குலை வெட்டுகிறார். வருஷம் முழுக்கப் பழம் கிடைப்பது நமக்குப் பெருமை, பூச்சிக்கோ தீராத விருந்து. ஆண் பறந்து வரும். குஞ்சுகள் காற்றிலும் எறும்போடும் கூலியாள் துணியிலும் பழக்கூடையிலும் ஏறி வரும். ஒருவர் மட்டும் ஓர் ஏக்கரில் இந்த வாசனையைத் தொங்கவிட்டால் காசுதான் நஷ்டம். பூச்சி மண்டிக்கிடக்கும் தோட்டத்திலும் பலிக்காது, பக்கத்திலேயே இருக்கிற பெண்ணைக் கண்டுபிடிக்க ஆணுக்கு வாசனை எதற்கு?

அதனால் முதலில் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் கவாத்து செய்யுங்கள். பட்டையை உரித்து எரித்துவிடுங்கள், எறும்பை ஒழித்துவிடுங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு விட்டிருப்பவர்கள் அதைக் கொல்லும் மருந்தை அடிக்காதீர்கள். அப்புறம் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு எல்லோரும் ஒரே மனு கொடுப்போம்: நம் இனத்துக்கான வாசனையை நம் பந்தலிலேயே சோதித்துக் காட்டுங்கள், மானியம் தந்தால் தனியாளுக்குத் தராமல் தொடர்ச்சியான நிலப்பரப்புக்குத் தாருங்கள் என்று.

மனுவில் சர்வே எண்கள் விடுபடாமல் தொடர்ந்து வரவேண்டும். நடுவில் ஒருவர் வரமாட்டேன் என்றால் அவரிடம் யார் போய்ப் பேசுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு திராட்சை விவசாயி