நல்லெண்ணெய் தோலுக்கு, குழந்தையின் மூக்குக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் நல்லெண்ணெய் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். செக்கு எண்ணெயின் பக்கம் மக்களைத் திருப்பும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கதே. ஆனால் முடி கருகருவென வளரும், நரை மறையும் என்னும் இரண்டு வாக்குறுதிகளுக்கே இடத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்ட அக்கட்டுரை, அந்த எண்ணெய் மெய்யாகவே உதவுகிற தோலைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிட்டது. கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், விடுபட்டவற்றை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெயில் லினோலிக் அமிலம், ஒலியிக் அமிலம் என்னும் இரு கொழுப்பு அமிலங்கள் தலா 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கின்றன. தோலின் மேலடுக்கு ஈரத்தை இழக்காமல் இருக்க செராமைடு என்னும் கொழுப்புப் பொருள்கள் வேண்டும். அவற்றுள் முக்கியமான ஒரு வகை உருவாக லினோலிக் அமிலம் தேவை. அதை நம் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளாது. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் இந்த அரணைத் தளர்த்துகிறது என்றும், லினோலிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அதைக் குலைப்பதில்லை என்றும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். நல்லெண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பிறந்த குழந்தைக்கென்று கடன் வாங்கியாவது ஆலிவ் எண்ணெய் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் செலவு தேவையில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஆறு வார வயதுடைய 125 குழந்தைகளைப் பல குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு எண்ணெய்களை நான்கு வாரம் தேய்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. கால்களின் இரத்த ஓட்டத்திலும் உறக்கத்திலும் நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கத்துக்கு அது ஆதரவாகவே இருக்கிறது.

முதியவர்களுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். அறுபதைக் கடந்தவர்களின் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, வெண்மையாகச் செதில் விட்டு, இரவில் அரிப்பெடுத்துத் தூக்கம் கெடுவது மிகச் சாதாரணமாகக் காணும் தொல்லை. எண்ணெய் தேய்த்து ஊறிவிட்டு, பிறகு சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்தால் பூசியதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். எண்ணெயால் தோலுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இருக்கும் ஈரத்தைத்தான் காக்க முடியும். ஆகவே குளித்து முடித்து, உடம்பை ஒற்றித் துடைத்த உடனே, ஈரம் முழுதும் காயுமுன் நான்கைந்து சொட்டு நல்லெண்ணெயைக் கால்களில் மெல்லத் தடவுவதே கூடுதல் பலன் தரும். சர்க்கரை நோயாளிகள் கால்விரல் இடுக்குகளிலும் புண்ணிலும் தடவக்கூடாது. குளியலறைத் தரையில் எண்ணெய் சிந்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

முடியைப் பொறுத்தவரை, தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. எண்ணெய் அதன் உராய்வைக் குறைக்கும், சிக்கெடுக்கும்போது அறுபடாமல் காக்கும், பளபளப்புத் தரும். முடியின் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தத் திறன் இல்லை என்றும் 2003-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. முடிக்கு மட்டும் என்றால் நான் தேங்காய் எண்ணெயைத்தான் சொல்வேன். இரத்தசோகையாலோ தைராய்டு கோளாறாலோ பிள்ளைப்பேற்றுக்குப் பின்னோ கொட்டும் முடியை எந்த எண்ணெயும் தடுத்து நிறுத்தாது. பொடுகு உள்ளவர்களின் தலையில் பெருகும் மலசீசியா என்னும் பூஞ்சை, கொழுப்பைத் தின்றே வாழ்வது. அவர்கள் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டால் பொடுகு கூடும். நல்லெண்ணெய் தோலுக்கு வெயிலிலிருந்து காப்புத் தரும் என்ற கூற்றுக்கும் வலுவில்லை. ஆய்வகச் சோதனையில் நல்லெண்ணெயின் வெயில்காப்பு அளவு (எஸ்.பி.எஃப்.) 2-க்கும் குறைவாகவே இருந்தது. பூசையறைக்கென விற்கும் மலிவான தீப எண்ணெயைத் தலைக்கோ குழந்தையின் உடம்புக்கோ பயன்படுத்தவே கூடாது. அது விளக்குக்கு மட்டுமே உரியது.

இனி, நான் இக்கடிதம் எழுத முதன்மையான காரணம். கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு, வாயால் ஊதி "சளி எடுக்கும்" வழக்கம் நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. நகரத்து அடுக்ககங்களுக்கும் குளிப்பாட்ட வரும் பெண்கள் வழியே அது போயிருக்கிறது. தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் குழந்தை உடனே இருமும். எண்ணெய் இறங்கினால் பெரும்பாலும் இருமாது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, நாள்கள் கழித்து மூச்சிரைப்பாகவும் காய்ச்சலாகவும் வெளிப்படும். எக்ஸ்ரேயில் சாதாரண நிமோனியாவைப் போலவே தெரிவதால், எண்ணெய் விட்ட செய்தியைத் தாய் சொல்லாவிட்டால் மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க நேரிடும். தோலில் தேய்ப்பதால் வரும் நன்மை ஒரு சொட்டைக்கூட மூக்கில் விடாமலே முழுதாகக் கிடைக்கும். இதைக் குளிப்பாட்டும் பாட்டியின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லும் பொறுப்பு இளம் தாயின் தலையில் மட்டும் விழுவது நியாயமாகாது.

தீபாவளி எண்ணெய்க் குளியலையொட்டி ஆண்டுதோறும் தங்கள் நாளிதழ் நல்லெண்ணெய் பற்றிச் சிறப்புப் பக்கம் வெளியிடுகிறது. இவ்வாண்டு அப்பக்கத்தில், குழந்தைகளின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது பற்றிக் குழந்தைநல மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும், பாட்டிமார்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஈரோடு மாவட்டம்.