திபெத்தியக் குரலை மூடும் மேளச் சத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வானொலி நாளுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், வானொலி அலைகளை மறிக்கும் வழக்கம் (பிடிக்காத நிலையத்தின் அலைவரிசையிலேயே வேறு சத்தத்தைப் போட்டு அமுக்குவது) சோவியத் யூனியனோடு முடிந்துவிட்டதாக ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அமெரிக்கப் பணத்தில் சோவியத் மக்களுக்காக நடந்த ரேடியோ லிபர்ட்டியை மறிப்பதை மாஸ்கோ 1988 நவம்பரில் நிறுத்தியது உண்மை. ஆனால் 1996-இல் நார்வேயில் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் திபெத்' நிலையத்தை உங்கள் கட்டுரையாளர் ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? தஜிகிஸ்தானிலிருந்து சிற்றலையில் (ஷார்ட் வேவ்) வரும் அந்த ஒலிபரப்பை என் வீட்டு மாடியில், ஜன்னல் கம்பியிலிருந்து இழுத்துக் கட்டிய ஒயரை வைத்தே கேட்டிருக்கிறேன். திபெத்திய மொழியில் ஒருவர் பேசத் தொடங்கியதும் அதே அலைவரிசையில் சீன மேளமும் தாளமும் வந்து விழும். மறிப்பதற்கென்றே சீனா ஒலிபரப்பிய இசை அது. உலகெங்கும் உள்ள சிற்றலை நேயர்கள் அதை 'ஃபயர்டிரேக்' என்பார்கள். பிற்பாடு சீன தேசிய வானொலியின் நிகழ்ச்சியையே எடுத்து மேலே போட ஆரம்பித்தார்கள். அதற்குத் தப்ப, திபெத்திய நிலையம் நிகழ்ச்சியின் நடுவிலேயே சில கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். குமிழைத் திருப்பிக்கொண்டே பின்னால் போனால் குரல் சுத்தமாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மேளமும் அங்கே வந்து சேரும். திபெத்தின் தலைநகரான லாசாவில் இருப்பவருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் செய்தி.

இதைக் கேட்டுக் குறித்து வைப்பவர்களை 'கரகரப்பில் சுகம் காண்பவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அலைவரிசை எப்போது மறிக்கப்பட்டது என்று நேயர்கள் அனுப்பும் குறிப்புகள் அந்த நிலையங்களுக்கு எவ்வளவு உதவும் என்று உங்களுக்குத் தெரியாதா? 1942-இல் பம்பாயில் வீடு மாற்றி வீடு மாற்றி காங்கிரஸ் வானொலியை நடத்திச் சிறை சென்ற உஷா மேத்தாவைப் பற்றி ஆகஸ்ட் மாதத்தில் எழுதுகிறீர்கள். அதுவும் இரகசிய வானொலிதான். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான்.

வானொலி என்றாலே உங்கள் இதழுக்கு இளக்காரம் என்று எனக்கு நெடுநாள் வருத்தம். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-இல் நின்றபோது நீங்கள் ஒதுக்கியது ஒரு மூலை. அதற்கும் முன்னால் வந்துகொண்டிருந்த அலைவரிசைப் பட்டியலைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தீர்கள். ஏன் என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. சரி, வேலைப்பளு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சிற்றலை அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். அந்த இரண்டு தடவை மட்டும் கால் பக்கம் கொடுத்தால் பட்டியலை நானே தொகுத்து அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
தருமபுரி