சங்கத்தின் இணையத்தளத்தை இடம் மாற்றுவதற்கு முன்: நிருவாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் நிருவாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சென்ற மாதக் கூட்டத்தில் எமது இணையத்தளம் பற்றி எடுக்கப்பட்ட தீர்மானத்தைச் சுற்றறிக்கையில் வாசித்தேன். இப்போது தளம் தங்கியிருக்கும் வெளிநாட்டு வழங்கியின் (சேர்வரின்) சந்தா அடுத்த மாத இறுதியோடு முடிவதாகவும், அதைப் புதுப்பிக்காமல் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் வழங்கியில் புதிய தளமொன்றைத் தொடங்கவிருப்பதாகவும், பழைய ஆக்கங்களில் “முக்கியமானவற்றை” வசதிப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. இடம் மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதில்தான் மறுப்பு. வெள்ளவத்தையில் வாடகை வீடு மாறிப் பழகிய எவரும், சாவியை ஒப்படைத்துவிட்டுப் பொருட்களைப் பிறகு வந்து எடுக்கலாம் என்று நினைக்க மாட்டார்கள். முழுத் தளத்தையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைப் புதிய இடத்தில் இயக்கிப் பார்த்த பின்னரே பழைய கணக்கை மூட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். தளத்தில் இருப்பவை சங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல, எழுதியவர்களுக்கும் உரியவை என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

“முக்கியமானவை” என்ற சொல் என்னை உறுத்துகிறது. 18 ஆண்டுகளாக நாம் ஏற்றியவற்றில் பெரும்பகுதி, ஏற்றிய நாளில் எவருக்கும் முக்கியமாகத் தோன்றாதவை: நூல் வெளியீட்டு விழாக் குறிப்புகள், நின்றுபோன சிற்றிதழ்களின் உள்ளடக்கப் பட்டியல்கள், மறைந்த எழுத்தாளர்களைப் பற்றி நண்பர்கள் எழுதிய ஒரு பக்க நினைவுகள், அவற்றின் கீழே மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ ஒருவர் வந்து ஆண்டைத் திருத்திவிட்டுப் போன இரண்டு வரிகள். இன்று பல்கலைக்கழக மாணவர்கள் எம்மைத் தேடி வருவது இவற்றுக்காகத்தான். எதைத் தேடி வருவார்கள் என்று எமக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. ஆகவே தெரிவு செய்யும் வேலையே வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதுதான் சுலபமும்கூட.

இதற்கு முன்னர் ஒருமுறை இடம் மாறினோம். 2012 ஆம் ஆண்டு இலவசச் சேவையொன்றிலிருந்து சொந்த வழங்கிக்கு மாறியபோது அந்த வேலையைச் செய்தவன் நான். “ஏற்றுமதி” என்ற பொத்தானை அழுத்தினேன், ஒரு கோப்பு வந்தது, அதைப் புதிய இடத்தில் இறக்கினேன், கட்டுரைகள் எல்லாம் படங்களோடு தெரிந்தன. கூட்டத்தில் கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே இருந்தது, படங்கள் இருக்கவில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மாத்திரமே அதில் வந்திருந்தது. புதிய தளம் ஒவ்வொரு படத்தையும் பழைய இடத்திலிருந்தே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய கணக்கு மூடப்பட்ட நாளில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெற்றுப் பெட்டிகளாயின. 2008 இல் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நடந்த கூட்டத்தின் படங்கள் அப்படிப் போனவை. அந்தப் படங்களில் இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை. இதை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் விளக்கமாகச் சொன்னதில்லை.

ஆகவே “பிரதி எடுத்தாயிற்று” என்று எவராவது சொன்னால், எதன் பிரதி என்று கேளுங்கள். எமது தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. அதில் எழுத்துகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் ஒலிப்பதிவுகளும் வழங்கியின் வேறொரு கோப்புறையில் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஏற்றுமதிக் கோப்பை மூன்றாவதாக, மேலதிகக் காவலாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். யுனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியும் கோப்பில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய தரவுத்தளங்கள் பல, தம்மிடம் இருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றே எண்ணிக்கொண்டு தமிழைச் சேமித்து வைத்திருக்கின்றன. எமது தரவுத்தளமும் அவற்றுள் ஒன்று. உள்ள இடத்தில் இருக்கும்வரை கோளாறு வெளியே தெரியாது. இடம் மாற்றும்போது எழுத்துமுறையைச் சரியாகச் சொல்லாமல் இறக்கினால், ஒவ்வொரு தமிழ்க் குறியின் இடத்திலும் மூன்று விநோதமான இலத்தீன் எழுத்துகள் வந்து நிற்கும். பதற வேண்டியதில்லை, அதை மீட்கலாம். ஆனால் எழுத்துகளின் இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து, அந்த நிலையில் சேமிக்கவும் பட்டுவிட்டால், மூலப் பிரதி இல்லாமல் மீட்பே கிடையாது. கொழும்பு நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர் திறமையானவராக இருக்கலாம். ஆங்கிலத் தளங்களை மட்டுமே இடம் மாற்றியவருக்கு இந்தப் பொறி கண்ணில் பட்டிராது. ஆரம்ப ஆண்டுகளில், யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவிலேயே ஏற்றிய சில பக்கங்களும் உண்டு. அவற்றை யுனிகோடுக்கு மாற்றுவது நல்லது, ஆனால் மாற்றிய பின்னும் மூலத்தை வைத்திருங்கள்; மாற்றிகள் தவறு விடுகின்றன.

அடுத்தது முகவரி. எமது கட்டுரைகளின் இணைப்புகள் தமிழ்த் தலைப்பிலிருந்தே உருவானவை. இணைப்பினுள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை 200 எழுத்துகளோடு வெட்டிவிடுகிறது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால், 22 குறிகளோடு, பல வேளைகளில் ஒரு சொல்லின் நடுவிலேயே, இணைப்பு முடிந்துவிடும். பார்க்க அழகில்லைதான். ஆனால் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் ஏறியிருப்பவை இந்த வெட்டுப்பட்ட இணைப்புகளே. புதிய தளத்தில் அழகுக்காக ஆங்கில எழுத்தில் இணைப்பு அமைப்பதானால், பழைய ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு நிரந்தர வழிமாற்றம் செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அழகை விட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், இருக்கிறது. வழங்கிக்குக் கட்டுவது இடத்துக்கான வாடகை. டொமைனுக்குக் கட்டுவது எமது பெயருக்கான பதிவுக் கட்டணம். இரண்டையும் சுற்றறிக்கை ஒன்றாகவே பேசுகிறது. எமது டொமைன் இன்றும், பல ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த உறுப்பினர் ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலில்தான் பதிவாகியிருக்கிறது. காலாவதி அறிவித்தல் அவருக்கே போகும். டொட் கொம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலமும் அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பும் கழிந்ததும் உலகில் எவரும் அதை வாங்கலாம். சூதாட்ட விளம்பரக்காரர்கள் வாங்குவது வழமை. வேறு எதையும் செய்யாவிட்டாலும், இந்த வாரமே அவரோடு பேசிப் பதிவைச் சங்கத்தின் பெயருக்கும் சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள்.

பொருளாளரின் கவலை நியாயமானது என்பதை மறுக்கவில்லை. 2022 மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டபோது, 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டு மாதங்களில் 360 ஐத் தாண்டியது; அந்த ஆண்டு சந்தாவை உறுப்பினர்களிடம் பணம் சேர்த்துத்தான் கட்டினோம். ரூபாயில் கட்டக்கூடிய உள்ளூர் வழங்கி நிம்மதிதான். ஆனால் இரண்டு மாதங்களுக்கு இரண்டு இடங்களிலும் தளம் இருக்கட்டும். பழைய இடத்தில் மாதச் சந்தாவாக நீடித்தால் செலவு பெரிதில்லை.

பிரதியைப் பரிசோதிப்பது ஏன் என்று ஒருவர் கேட்கக்கூடும். 2023 ஓகஸ்டில் இதே நகரத்தில் அரச மின்னஞ்சல் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல அலுவலகங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அது தேவைப்பட்ட நாளில்தான் தெரியவந்தது. நாம் முன்கூட்டியே பார்த்துவிடலாம்: வேறொரு கணினியில் பிரதியை இறக்கி, ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் பத்துக் கட்டுரைகளைத் திறந்து, எழுத்தும் படமும் இணைப்பும் சரியா என்று இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் தொழில்நுட்பம் அறிந்தவராகவும், மற்றவர் அந்தக் கட்டுரைகளை முன்பே வாசித்தவராகவும் இருப்பது நல்லது.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்றாவது கொழும்புக்கு வெளியே இருக்கட்டும். யாழ்ப்பாணக் கிளையில் ஒரு ஹாட் டிஸ்க்கை வைத்திருக்கச் சொல்லலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்தினரிடமும், எழுதியவர்களின் சம்மதத்தோடு ஒரு பிரதியைக் கொடுக்கலாம். இப்படிப் பேசத் தொடங்கினால் எவராவது 1981 இன் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைவூட்டுவார்கள். நான் அதை இதற்குள் இழுக்கப்போவதில்லை. அது எரிக்கப்பட்டது, இதைத் தொலைத்தால் தொலைத்தவர்கள் நாமே.

வேலைக்கு இரண்டு வார இறுதிகள் போதும், நான் வருகிறேன். நிருவாகக் கணக்கின் கடவுச்சொல்லைச் செயலாளர் அவர்கள் எனக்கு நேரில் தந்தால் போதும்; சென்ற தடவை போல் சுற்றறிக்கையின் அடியில் அச்சிட வேண்டாம்.

இங்ஙனம்,
2012 இடமாற்றத்தைச் செய்த உறுப்பினர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06