செக்கைவிட மல்லாட்டைதான் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் விருத்தாசலம் பக்கத்துச் செக்கு எண்ணெய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை ஊரையே மகிழ வைத்தது. ஆனால் வாகை மர உலக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, நாலு வரியில் முடித்துவிட்டார்கள்.

மணிலாக்கொட்டை என்பதுதான் எங்கள் வாயில் மல்லாட்டை ஆனது. 19ஆம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. எங்கள் ஊர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த கடலை, எள் ரகங்களுக்கு இன்றும் ‘வி.ஆர்.ஐ.’ என்றுதான் பெயர். செம்மண் காட்டில் விளையும் அந்தப் பருப்பை ஒழுங்காகக் காயவைப்பதில்தான் எண்ணெயின் தரமே இருக்கிறது.

காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடும். உடைத்துக் கசக்கினால் சிவப்புத் தோல் உதிரும், கடித்தால் நறுக்கென்று முறியும். இந்தப் பதம் வராமல் மூட்டை கட்டினால் உள்ளே புழுங்கி, மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். இதைவிட மோசம், மெஷினில் மேல் ஓடு நீக்கும்போது பருப்பு உடையாமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது. பருப்பு முழுசாக வரும், எடையும் கூடும், கூடவே அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சும் வரும். ரீஃபைண்ட் ஆலையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அதற்கு வழியே இல்லை. துணியில் வடிகட்டினாலும் முழுசாகப் போகாது. நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, அதை மாடு தின்று, பாலிலும் இறங்கும். அதனால் ஆட்டுவதற்கு முன் சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளியே ஆகவேண்டும். கூலி மிச்சம் என்று எந்தச் செக்குக்காரரும் இதை விடக்கூடாது.

ஆட்டுவதில் கைப்பதம் தண்ணீரில்தான். நல்ல பருப்பு 10 கிலோவுக்கு நாலு லிட்டரை ஒட்டி எண்ணெய் வரும். தண்ணீர் துளியும் தெளிக்காவிட்டால் பருப்பு மாவாகவே சுற்றும், பிண்ணாக்கு சேராது, எண்ணெய் பிரியாது. அதிகமானால் நுரைத்துக் குழம்பிவிடும். எள்ளுக்குக் கருப்பட்டி தட்டிப் போடுவதும் ருசிக்காக மட்டுமல்ல, எண்ணெய் பிரியத்தான்.

இறக்கிய எண்ணெயை அகல வாய் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் கசடு அடியில் படியும். மேலாக இறுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு அன்றே பாட்டிலில் அடைத்தால் மிச்ச ஈரத்தில் வாணலியில் படபடவென்று தெறிக்கும். கசடு கிடந்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். தெளிந்த பிறகும் வெயில் படும் இடத்தில் கண்ணாடி பாட்டிலை அடுக்கி வைப்பது தவறு, காறிப்போகும்.

எங்கள் ஊரில் ‘மரச்செக்கு’ என்று போர்டு வைத்திருக்கும் ஒவ்வொரு கடையிலும் இரண்டு தேதி எழுத வேண்டும்: பருப்பு வாங்கிய நாள், எண்ணெய் ஆட்டிய நாள். வாங்குகிறவர்களும் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன், ஆட்டக் காத்திருக்கும் பருப்பில் ஒரு பிடி கேட்டு வாங்கி, கசக்கி மோந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு செக்குக்காரர்,
விருத்தாசலம், கடலூர் மாவட்டம்.