தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காரீய இரத்தப் பரிசோதனை கோரி மனு

பெறுநர்: மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள், கோலகங்சார், பேராக்
அனுப்புநர்: லயத்துப் பெற்றோர்கள், சுங்கை சிப்புட்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களான நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள், அதாவது வரிசை வீடுகள், மிகப் பழையவை. சுவரை நகத்தால் சுரண்டினால் வெள்ளைக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள் என்று பழைய பெயிண்ட் அடுக்கடுக்காக வரும். மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உதிர்ந்து ஜன்னலடியில் கிடக்கும். பழைய பெயிண்டில் காரீயம் (lead) என்ற நச்சு உலோகம் இருக்கலாம். தவழும் பிள்ளையின் கைக்கு முதலில் எட்டுவது அந்தச் செதில்தான். லயத்துக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் பட்டறை ஒன்றும் சில காலம் நடந்தது. பட்டறையை மூடிவிட்டார்கள், மண்ணை யாரும் அள்ளவில்லை. அங்கேதான் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு ஆட்டிசம் இருக்கிறது. அது காரீயத்தால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு இருக்கலாம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. காரீயம் குடல் பாக்டீரியாவை மாற்றி, அதன் வழியாக ஆட்டிசம் வரலாம் என்றும் பேசுகிறார்கள். காரீயம் கொடுத்த எலிகளின் குடல் பாக்டீரியா மாறியது உண்மைதான். ஆனால் ஆட்டிசப் பிள்ளைகளிடம் காணும் மாற்றத்துக்கு, அவர்கள் ஒருசில உணவையே சாப்பிடுவது காரணமாக இருக்கலாம் என்று 2021இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது.

எங்கள் பயம் வேறு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மண், சுண்ணாம்பு என்று கண்டதையும் வாயில் போடும் பழக்கம் உண்டு. வெறும் சோறும் பிஸ்கட்டும் தின்று வளரும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறையும். அது குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அப்புறம் வயிற்று வலி, எரிச்சல், மந்தம் எது வந்தாலும் "ஆட்டிசம்தானே" என்று விட்டுவிடுவார்கள். பேச்சு வராத பிள்ளை எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் "குடல் சுத்தம்", "உலோக நீக்கம்" என்று சொட்டு மருந்து விற்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டிச் சம்பாதித்த காசில் எங்கள் ஆட்கள் வாங்கியும் கொடுக்கிறார்கள். காரீயத்தை நீக்கும் கீலேஷன் சிகிச்சை, இரத்தத்தில் அளவு மிகவும் ஏறியிருந்தால் டாக்டர்கள் மேற்பார்வையில் செய்யவேண்டியது. 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்தச் சிகிச்சையின்போதே இறந்துபோனது. இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் பெற்றோர் இந்த விற்பனையாட்களை நம்ப மாட்டார்கள்.

ஆகவே, ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், வயது கூடினாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், இரத்தத்தில் காரீய அளவையும் இரும்புச்சத்தையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அதனால் பட்டறை இருந்த இடத்து மண், வீட்டுச் சுவர் பெயிண்ட், குழாய்த் தண்ணீர் மூன்றையும் சோதிக்க வேண்டும். மண்ணில் காரீயம் இருந்தால் அந்த இடத்துக்கு உடனே வேலி போட உத்தரவிடுங்கள். முடிவுகளைப் பெற்றோருக்குத் தமிழிலும் விளக்க வேண்டும்.

நாள் குறித்துச் சொன்னால் போதும். பாலர் பள்ளிக் கட்டடத்தைத் தயார் செய்வதும் பிள்ளைகளை அழைத்து வருவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
லயத்துப் பெற்றோர்கள்