அப்பாவுக்கு வைத்த லென்ஸ்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் மருமகள், குட்டி நலமும் அறிய ஆவல். போன் போட்டால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். அதான் கடிதம்.

அப்பாவுக்குப் புரையும் கண் பிரஷரும் ஒரே ஆபரேஷனில் முடிந்தது. 28 இருந்த பிரஷர் இப்போது 14. மேல் இமையைத் தூக்கினால் வெள்ளை விழியில் சின்னக் கொப்புளம் மாதிரி தெரிகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் அது வழியாகத்தான் வெளியேறுகிறதாம். "வடிகால் வெட்டிவிட்டிருக்கிறார்கள், தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளணும்" என்கிறார் அப்பா.

புரையை எடுத்த இடத்தில் வைக்கிற லென்ஸ் விஷயம். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துத் தெரியும் என்று நீ சொன்னாயே, அதை வேண்டாம் என்றது டாக்டர்தான், அப்பா அல்ல. அது வெளிச்சத்தைப் பங்கு போட்டுவிடுமாம். பிரஷரால் நரம்பு நலிந்த கண்ணுக்கு மங்கலில் எதுவும் சரியாகப் பிரிந்து தெரியாதாம். அப்பா வீம்புக்கு மறுத்தார் என்று நீ நினைப்பதாக வசந்தி சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் வைத்தது கெட்டி லென்ஸ். மடங்காது, 5, 6 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். மடக்கி வைக்கிற லென்ஸுக்கு 3 மில்லிமீட்டரே போதும். வெட்டு சின்னதென்றால் புண்ணும் குறைவு, தழும்பு விழுந்து அந்த வடிகால் அடைபடுவதும் குறைவு. மடங்குவதிலும் சிலிக்கான், அக்ரிலிக் என்று இருக்கிறது. பிரஷருக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆனால் அப்பாவுக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே. நாளைக்கு விழித்திரையில் ஏதாவது வந்து சிலிக்கான் எண்ணெய் விட நேர்ந்தால், அது சிலிக்கான் லென்ஸில் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் அக்ரிலிக். நீ இன்ஜினியர், உனக்கு இதெல்லாம் சட்டென்று புரியும். எனக்கே புரிந்துவிட்டது பார்.

சொட்டு மருந்து விடுவதுதான் பெரும்பாடு. துளி விழுவதற்குள் கண்ணை இறுக்கிக்கொள்கிறார், மருந்து காதுக்கு ஓடுகிறது. சின்ன வயதில் நீயும் இப்படித்தான். குறுவை அறுப்பு நடக்கிறது, களத்துத் தூசிக்குப் போகாதீர்கள் என்றால் கேட்டால்தானே.

சரி, உன் கண்ணைப் பார்த்தாயா? இந்தக் கண் பிரஷர் தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கும் இருக்கிறது. உனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகளும் கட்டாயம் பார்க்கணும் என்றார் டாக்டர். கண்ணாடிக் கடையில் நம்பர் பார்ப்பது இதில் சேராது. பிரஷர் பார்க்க வேண்டும், மருந்து விட்டு உள்நரம்பையும் பார்க்கச் சொல். பிரஷர் 21க்குள் இருக்கிறது என்று எழுந்து வந்துவிடாதே, நார்மல் பிரஷரிலும் நரம்பு கெடுமாம். வலி எதுவும் இருக்காது. தாத்தா கடைசியில் வரப்பைக் காலால் தடவித் தடவி நடந்தாரே, அவருக்கு ஒருநாளும் வலித்ததில்லை. புரையை எடுத்தால் பார்வை திரும்பும், பிரஷரால் போனது திரும்பாது. வசந்தி பார்த்துவிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. நீதான் பாக்கி. பார்த்துவிட்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பு.

நீ அனுப்பிய பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. திருப்பி அனுப்பச் சொல்கிறார் அப்பா. நான் அனுப்பப்போவதில்லை. அவரிடம் நீயே பேசிக்கொள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
அம்மா